சிறிதாயினும் ஹக்கு



வியாபாரம் செய்கிற நம் ஒவ்வொருவருக்கும் என்றேனும் ஒரு நாள் எதிர்ப்படுகிற கேள்வியொன்றை இங்கே எழுத முற்படுகிறோம். நமக்கு வரவேண்டிய தொகை ஒன்று இருக்கிறது. ஆனால் அது சிறிய தொகை. கேட்டால் அலைச்சல். கேட்காவிட்டால் நஷ்டம். "போகட்டும்" என்று விட்டுவிடுவது பெருந்தன்மையா, சோம்பலா? விடாமல் கேட்பது நியாயமா, பேராசையா?

நாம் ஆலிமும் அல்லோம், வக்கீலும் அல்லோம். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே நம்முடைய கல்வி. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் அருகே மளிகையும் கொஞ்சம் ஜவுளியும் வைத்துப் பிழைத்து வருகிறோம். சென்ற ஆண்டு நமக்கு நேர்ந்த ஒரு காரியம் இந்தக் கேள்வியை நம் கல்லாப்பெட்டியின் மேலேயே கொண்டுவந்து வைத்துவிட்டது. அதைச் சொன்னால் உங்களில் யாருக்காவது பயன்படும் என்று நம்புகிறோம்.

இந்த மலையைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1885ஆம் ஆண்டு இங்கே வந்து நிலத்தை அளந்த வில்லியம் கேமரன் என்பவரின் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929ல் ரஸ்ஸல் என்ற துரை போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1931ல் தாப்பாவிலிருந்து மேலே சாலை வந்தது. அந்த நாளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் இங்கே லயங்களில் வாழ்ந்து கொழுந்து பறித்தார்கள். இப்பொழுது தோட்ட வேலையில் வங்காளதேசத்தாரும் நேப்பாளிகளும் மிகுதி. பழைய தொழிலாளர்களின் பிள்ளைகளோ ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் இறங்கிப் போய்விட்டார்கள். தாய் மேலே இருக்கிறாள், மகள் கீழே இருக்கிறாள். இருவருக்கும் நடுவே ஓடுவது பார்சல்தான். ஆகவே நம்மைப் போன்ற கடைக்காரர்கள் சாமான் விற்பதோடு நில்லாமல், கட்டிக் கொடுத்து, முகவரி எழுதி, அனுப்பியும் வைக்கிறோம். இதற்குக் கூலி வாங்குவதில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறோம்.

தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா நம் கடைக்கு நெடுநாளைய வாடிக்கை. ஜொகூரில் இருக்கும் அவருடைய மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. நம் கடையில் இரண்டு நூல் சேலையும், குழந்தைக்குச் சில துணிகளும், ஆறு பொட்டலம் தேயிலையும் வாங்கினார். பிறகு மடியிலிருந்து ஒரு சிறிய வெள்ளிப் பாலாடையை எடுத்து, "இதையும் சேலை மடிப்புக்குள்ள வச்சு அனுப்பிடுங்க, பாய்" என்றார். நாம் அப்படியே கட்டினோம்.

பார்சல் நிலையத்தில் இருந்த பிள்ளை, "இன்ஷ்யூரன்ஸ் போடவா? ஆறு ரிங்கிட்" என்று கேட்டது. "வேண்டாம்" என்று சொல்லிவிட்டோம். இன்ஷ்யூரன்ஸ் என்பது நமக்குக் கூடுமோ கூடாதோ என்ற சந்தேகம் மனத்தில் எழுந்ததாக அப்போது நம்மை நாமே ஏமாற்றிக் கொண்டோம். இந்த நாட்டில் 1984ஆம் ஆண்டிலேயே தக்காஃபுலுக்குச் சட்டம் வந்துவிட்டது. அதைப்பற்றி நாம் ஒரு நாளும் விசாரித்ததில்லை. உண்மை என்னவென்றால், ஆறு ரிங்கிட்டை மிச்சப்படுத்தினோம், அவ்வளவே. யாருடைய சாமானுக்காக மிச்சப்படுத்தினோம்? நம்முடையதுக்கல்ல. அந்த அம்மாவை ஒரு வார்த்தை கேட்டோமா? இல்லை.

பார்சல் போய்ச் சேரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். எண்ணைச் சொல்லிக் கேட்டால் "வழியில் இருக்கிறது" என்ற ஒரே பதில். பின்பு "கண்டுபிடிக்க இயலவில்லை, இன்ஷ்யூரன்ஸ் செய்யப்படாததால் எங்கள் விதிப்படி உச்சத் தொகை 200 ரிங்கிட்" என்று ஒரு கடிதம். பார்சல் எந்த இடத்தில் காணாமற்போனது, யார் தேடினார்கள், எங்கே தேடினார்கள் என்று அதில் ஓர் எழுத்தும் இல்லை. நாம் மறு கடிதம் எழுதினோம். அதற்கும் அதே கடிதம்தான் திரும்பி வந்தது.

அந்த அம்மாவிடம் சொன்னோம். நாம் கூலி வாங்காமல் செய்த உதவிதானே, நம் பொறுப்பு முடிந்தது என்று சொல்லலாமா? சொல்ல மனம் வரவில்லை. சேலையும் துணியும் தேயிலையும் முன்போலவே எடுத்துக் கட்டி, இந்தத் தடவை இன்ஷ்யூரன்ஸும் செய்து, நம் செலவில் அனுப்பினோம். பாலாடைக்கு ஈப்போவில் ஒரு பத்தரிடம் விலை விசாரித்தோம். அதுபோன்றதற்கு இன்று 160 ரிங்கிட் ஆகும் என்றார். அந்தப் பணத்தை அம்மாவிடம் நீட்டினோம். அவர் வாங்கவில்லை.

"காசு வேணாம், பாய். எங்கம்மா எனக்கு அதுலதான் பால் புகட்டுனாங்க. நான் எம்மவளுக்குப் புகட்டுனேன். காசை வச்சு என்ன செய்ய? தேடச் சொல்லுங்க."

இந்த ஒரு சொல்தான் நம்மைத் தூங்கவிடாமல் செய்தது. அவர் கேட்டது பணமல்ல; ஒரு தேடல். தேடச் சொன்னால் யார் தேடுகிறார்கள்? ஒருவன் தன் ஹக்கை எழுத்தில் கேட்டு, பதில் சொல்லித் தீரவேண்டிய இடத்தில் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தும் வரைக்கும், காணாமற்போன பார்சல் ஒரு வெறும் எண்தான்.

ஜும்ஆ முடிந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தபோது இருவரிடம் யோசனை கேட்டோம். ஒருவர் வயதில் மூத்தவர். "தம்பி, நஸீபு அவ்வளவுதான். ஸபுர் செய்யுங்கள். நானூறு ரிங்கிட்டுக்குக் கோர்ட்டுப் படி ஏறுவது வியாபாரிக்கு அழகல்ல" என்றார். மற்றவர் நம் வயதுக்காரர். "மச்சான், நானூறு என்னத்துக்கு? ஆயிரம் என்று போடுங்கள், பாதியாவது வரும். இன்ஷ்யூரன்ஸைப் பற்றிக் கேட்கவே இல்லை என்று சொல்லிவிடுங்கள். ரசீதில் அந்தக் கட்டம் காலியாகத்தானே இருக்கிறது?" என்றார். ரசீதை எடுத்துப் பார்த்தோம். மெய்தான். அந்தப் பிள்ளை "வேண்டாம்" என்ற கட்டத்தில் குறியிட மறந்திருந்தது.

இரண்டும் அன்பினால் சொன்ன யோசனைகள். இரண்டையும் நாம் ஏற்கவில்லை. ஏன் என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் பெரியவருடைய யோசனை. ஸபுர் செய்வதும் மன்னிப்பதும் உயர்ந்த குணங்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் மன்னிப்பது என்பது ஒருவன் தன்னுடைய ஹக்கை, அது தன்னுடையது என்று அறிந்து, மனமுவந்து விட்டுக்கொடுப்பதாகும். அலைச்சலுக்குப் பயந்து விட்டுவிட்டு அதற்கு மன்னிப்பு என்று பெயர் வைத்தால், செல்லாத நாணயத்தைக் கல்லாவில் போட்டுக்கொண்டு வரவு எழுதுவது போலாகும். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றுண்டு. இங்கே காணாமற்போனது நம்முடைய பொருளா? அந்த அம்மாவின் பாலாடையை மன்னித்துவிட நமக்கு என்ன அதிகாரம்? தன் வீட்டு அரிசியைத் தருமம் செய்யலாம். அடுத்த வீட்டு அரிசியைத் தருமம் செய்ய முடியுமா? பிறர் ஹக்கை நாம் மன்னிப்பதென்று ஒன்று கிடையாது.

விற்கும்போதும், வாங்கும்போதும், தனக்கு வரவேண்டியதைக் கேட்கும்போதும் மென்மையாக நடப்பவனுக்கு நம் நாயகம் (ஸல்) அவர்கள் அல்லாஹ்வின் அருளை வேண்டினார்கள் என்பது நாம் சிறு வயதில் ஓதியது. கேட்கும்போது மென்மை வேண்டும் என்றால், கேட்பதும் உண்டு என்றுதானே பொருள்? கேட்காதே என்று அங்கே சொல்லப்படவில்லை. எப்படிக் கேட்கவேண்டும் என்றே சொல்லப்பட்டிருக்கிறது.

இனி, சுமந்து செல்கிறவர் பொறுப்பாளியா என்ற கேள்வி. இது நமக்கு மட்டும் தோன்றிய புதுக் கேள்வியல்ல. பலருக்கும் பொதுவாகக் கூலிக்கு வேலை செய்கிற தையற்காரர், சாயக்காரர், சுமையாளர் முதலியோர் கையில் பொருள் தொலைந்தால் யார் ஈடு செய்வது என்பதில் நம் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவர் தவறு செய்தாலன்றிப் பொறுப்பில்லை என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூஸுஃபும் இமாம் முஹம்மதும் (ரஹ்), பெருந்தீ போன்ற தடுக்க முடியாத ஆபத்து நேர்ந்தாலன்றி அவர் பொறுப்பாளிதான் என்றார்கள். நம்மில் பலர் பின்பற்றுகிற ஷாஃபிஈ மத்ஹபிலோ, அவர் அமானிதம் வைத்திருப்பவர், அசட்டை செய்தால் மட்டுமே பொறுப்பு என்ற கருத்தே மேலோங்கியது. ஆனால் கைவினைஞர்களைப் பொறுப்பாளிகளாக்கினால்தான் மக்களின் காரியம் சீர்படும் என்று அலீ (ரலி) அவர்கள் கண்டதாகவும் அறிவிக்கப்படுகிறது. பொருளைக் கொடுத்தவனுக்கு உள்ளே நடந்தது தெரியாது; வாங்கியவனுக்கே தெரியும். கேட்பாரில்லாவிட்டால் அசட்டை வளரும். இந்தக் கவலையே அங்கே அடிப்படை என்று நாம் விளங்கிக் கொள்கிறோம்.

சட்டம் படிக்கிற நம் தங்கை மகன் இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கைச் சொன்னான். தபாலில் போட்ட ஒரு கடிதத்தை லண்டன் தபால் நிலையத்துக்குள்ளேயே யாரோ பிரித்து, அதிலிருந்த அரசாங்கக் கடன் பத்திரங்களை எடுத்துவிட்டார்கள். லேன் என்பவர் தபால் தலைவர் மீது வழக்குப் போட்டார். 1701ல் தீர்ப்பு வந்தது. நான்கு நீதிபதிகளில் மூவர், தபால் தலைவர் பொறுப்பல்லர் என்றனர். தலைமை நீதிபதி ஹோல்ட் ஒருவர் மட்டும் அவர் பொறுப்பாளியே என்று எதிர்த்தார். அன்று தோற்றது லேன்தான். தபாலுக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு நெடுங்காலம் நின்றது. இந்தியாவில் 1898ஆம் ஆண்டுத் தபால் சட்டமும், இன்ஷ்யூர் செய்யாத தபால் தொலைந்தால் அரசாங்கம் பொறுப்பல்ல என்றே எழுதி வைத்தது. 2023ல் அங்கே வந்த புதுச் சட்டமும் அந்த வழியைப் பெரிதும் மாற்றவில்லை.

அதே நீதிபதி ஹோல்ட் 1703ல் இன்னொரு வழக்கையும் விசாரித்தார். ஒருவர் கூலி வாங்காமல், உதவியாகப் பீப்பாய்களை ஓரிடத்திலிருந்து வேறோர் இடத்துக்குக் கொண்டுபோக ஒப்புக்கொண்டார். அவருடைய அசட்டையால் ஒரு பீப்பாய் உடைந்து சரக்கு வீணாயிற்று. கூலி வாங்காவிட்டாலும், ஏற்றுக்கொண்ட வேலையில் அசட்டை செய்தால் பொறுப்பு உண்டு என்று தீர்ப்பாயிற்று. பீப்பாயில் இருந்தது பிராந்தி. நமக்கு வேண்டாத சரக்கு. ஆனால் தீர்ப்பு நமக்கு வேண்டியது. நம் தங்கை மகன் அதைச் சொன்னபோது, மற்றவர்களைக் குற்றஞ்சாட்டப் புறப்பட்ட நாமே குற்றவாளிக் கூண்டில் நிற்பதாகத் தோன்றியது. கூலி வாங்காமல் அனுப்பியது நாம். ஆறு ரிங்கிட்டுக்கு அசட்டை செய்ததும் நாம். ஆகவே பிறரிடம் கேட்குமுன் நாம் கொடுக்கவேண்டியதைக் கொடுத்தது உபகாரமல்ல, கடமை என்று அப்போதுதான் விளங்கிற்று.

அடுத்து நண்பருடைய யோசனை. நானூறை ஆயிரமாக்குவது நம் ஹக்கைக் கேட்பதல்ல, பிறர் ஹக்கை எடுப்பது. அந்தக் கம்பெனி பெரியது, அதற்கு என்ன நஷ்டம் என்று சொல்லலாம். நம் கடையில் ஒரு பையன் மிட்டாய் எடுத்தால், கடை பெரியது என்று விடுகிறோமா? மேலும், பொய்யான தொகையும் பொய்யான பேச்சும் நுழைந்தபின், தேடச் சொல்லிக் கேட்கிற வாய் எங்கே இருக்கிறது? அதோடு, இன்ஷ்யூரன்ஸைப் பற்றிக் கேட்கவில்லை என்று நாம் சொன்னால் அடி யார் தலையில் விழும்? கம்பெனியின் தலையிலா? இல்லை, நிலையத்தில் நிற்கிற அந்தப் பிள்ளையின் தலையில் விழும்.

ஆகவே வழக்குப் போட்டோம். இந்த நாட்டில் 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 93ஆம் கட்டளையில், 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத சிறு வழக்குகளுக்கென்று மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனி வழி வைத்திருக்கிறார்கள். 198ஆம் பாரத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். எதிர்த்தரப்பார் தங்கள் பதிலை 14 நாளில் தாக்கல் செய்ய வேண்டும். வக்கீல் வைக்க வேண்டியதில்லை, வைக்கவும் கூடாது. வழக்குப் போடுகிறவர் தனி மனிதராக இருக்க வேண்டும். கம்பெனி போட முடியாது. நம் கடை நம் சொந்தப் பெயரில் இருப்பதால் தடையில்லை. வீட்டுத் தேவைக்கு வாங்கிய பொருள், பெற்ற சேவை பற்றிய முறையீடானால், 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பு மன்றம் இருக்கிறது. அங்கே கட்டணம் 5 ரிங்கிட். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். ஆனால் மறுபடி விற்பதற்காக வாங்கிய சரக்குக்கு அந்த வழி இல்லை. இதை வியாபாரிகள் நினைவில் வைப்பது நல்லது.

நாம் எழுதிய கணக்கு இது: சேலை 150, துணி 45, தேயிலை 42, பாலாடை 160, அனுப்பிய கூலி 18. ஆகமொத்தம் 415 ரிங்கிட். ஒரு காசு கூட்டவில்லை. "இந்தப் பார்சல் கடைசியாக எங்கே பதியப்பட்டது, யார் தேடினார்கள் என்ற விவரம் வேண்டும்" என்று ஒரு வரியும் சேர்த்தோம்.

வழக்கு நாளன்று கடையை அடைத்துவிட்டுப் போனோம். கம்பெனி சார்பில் ஓர் அதிகாரி வந்திருந்தார், மரியாதையான மனிதர். மாஜிஸ்திரேட் ரசீதைப் பார்த்தார். "இன்ஷ்யூரன்ஸ் வேண்டுமா என்று உங்களிடம் கேட்டார்களா? கட்டம் காலியாக இருக்கிறதே" என்று நம்மிடம் கேட்டார்.

சகோதரர்களே, அந்த வினாடி சிறியதல்ல. நாக்கு ஒரு சொல் புரண்டால் போதும், வழக்கு நம் பக்கம் சாயும். மெய்யாகவே நம் மனம் ஒருமுறை அந்தப் பக்கம் போய் வந்தது என்பதை மறைக்கவில்லை. "கேட்டார்கள். நாம்தான் வேண்டாம் என்றோம்" என்றோம்.

மாஜிஸ்திரேட் இரு தரப்பாரையும் பேசி முடிக்கச் சொன்னார். வெளியே பலகையில் உட்கார்ந்து பேசினோம். 200 ரிங்கிட்டும் அனுப்பிய கூலி 18 ரிங்கிட்டும் தருவதாக அதிகாரி ஒப்புக்கொண்டார். நாமும் இணங்கினோம். விவரத் தாளையும் கொடுத்தார். பார்சல் தரம் பிரிக்கும் இடம் வரைக்கும் போய்ப் பதிவாகியிருக்கிறது. அதன்பின் பதிவே இல்லை. முதல் கடிதம் நமக்கு எழுதப்பட்டபோது யாரும் தேடியிருக்கவில்லை. நம் வழக்குத் தாள் போய்ச் சேர்ந்த பிறகே, முகவரி கிழிந்த பார்சல்களை வைத்திருக்கும் அறையில் இரண்டு நாள் தேடியிருக்கிறார்கள். பாலாடை அகப்படவில்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போய் வாசித்துக் காட்டினோம். பொறுமையாகக் கேட்டார். "அப்ப, தேடித்தான் பார்த்திருக்காங்க" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, விட்டுடுங்க பாய். யார் கையில இருக்கோ, அவங்க வீட்டுப் பிள்ளையாச்சும் குடிக்கட்டும்" என்றார். 160 ரிங்கிட்டை மறுபடியும் நீட்டினோம். கையைத் தள்ளிவிட்டார்.

மன்னிப்பு என்றால் என்னவென்று அன்றுதான் கண்ணால் கண்டோம். பொருளுக்கு உடையவர் அவர். நடந்ததை அறிந்தவர். அறிந்து மனமுவந்து விட்டுக்கொடுத்தார். பெரியவர் நமக்குச் சொன்ன ஸபுர் அந்த அம்மாவுக்குரியது. அவரைத் தவிர வேறு யாரும் அதைச் செய்திருக்க முடியாது. நாம் முன்னமே "நஸீபு" என்று உட்கார்ந்திருந்தால், மன்னிப்பதற்குரிய இடத்துக்கு அவர் வந்திருக்கவே மாட்டார். ஏமாந்தவராக மட்டுமே இருந்திருப்பார்.

கணக்குப் பார்த்தால் நமக்கு நஷ்டம்தான். மாற்றுச் சாமானும் இரண்டாம் பார்சல் கூலியும் கொடுத்தோம். கடையை அடைத்த நாளின் வியாபாரம் போயிற்று. வந்தது 218 ரிங்கிட். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் எல்லா ஹக்கும் இலாபத்துக்காகக் கேட்கப்படுவதில்லை. ராஜுலா கப்பல் ஓடிய நாளில் நம் பெரியவர்கள் பினாங்கிலிருந்து ஊருக்குப் போகிறவர் கையில் சாமான் கொடுத்தனுப்புவார்கள். இன்ஷ்யூரன்ஸ் இல்லை, ரசீதும் இல்லை. பொருள் சேராவிட்டால், போனவர் ஊர் நடுவில் நின்று பதில் சொல்லவேண்டும் என்பதே காவல். இன்று சுமந்து செல்கிறவரின் முகம் நமக்குத் தெரிவதில்லை. எனவே பதில் கேட்கிற வேலை நம் தலையில் விழுந்திருக்கிறது. சிறு தொகைதானே என்று நாம் ஒவ்வொருவரும் விட்டுக்கொண்டே போனால், பதில் சொல்லும் வழக்கமே உலகத்தில் அற்றுப்போகும்.

இப்பொழுது நம் கடையில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. யார் பார்சல் அனுப்பச் சொன்னாலும், உள்ளே என்ன, விலை என்ன, இன்ஷ்யூரன்ஸ் வேண்டுமா என்று கேட்டு, அவர் சொன்னபடி எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். கொடுக்கல் வாங்கல் சிறிதானாலும் பெரிதானாலும் எழுதிவைக்கச் சலிக்கவேண்டாம் என்பது நமக்கு மறையிலேயே வந்த கட்டளையல்லவா? ஓதினோம், ஒரு பாலாடை போன பிறகுதான் செய்கிறோம்.

உங்களிடமும் ஒன்றைக் கேட்டு முடிக்கிறோம். உங்களுக்கு வரவேண்டிய சிறு தொகையை விட்டுவிடுவதாக நினைக்கும்போது, அது யாருடையது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுடையதானால், அறிந்து, மனமுவந்து விடுங்கள். அதற்குக் கூலி அல்லாஹ்விடத்தில் இருக்கிறது. பிறருடையதானால், மென்மையாக, மெய்யாக, விடாமல் கேளுங்கள். ஹக்குக்கு உரியவர்களிடம் ஹக்கைச் சேர்க்கும் கைகளாக நம் கைகளை ஆக்கி வைப்பானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.